தொண்டைக்குள் கை

கை முழங்கை வரை உள்ளே போய்விட்டது, அடைப்பின் கோடி இன்னும் தட்டுப்படவில்லை. ஈஸ்வரமூர்த்தி ஈரப்புல்லில் முட்டி போட்டு, ஒரு கன்னத்தை மெஷினின் பின்தகரத்தில் ஒட்டவைத்து, வலது கையை அந்த இருட்டுப் பொந்துக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி மெஷின். அடிவயிற்றில் கத்தி சுழலும். வெட்டுப்பட்ட புல் காற்றோடு கிளம்பி, சீட்டுக்கு அடியில் ஓடும் அகலக் குழாய் வழியாகப் பின்னால் மாட்டியிருக்கும் பெரிய பையில் போய் விழும். அந்தக் குழாயைக் கல்யாண மண்டபத்தில் எல்லோரும் தொண்டை என்றுதான் சொல்வார்கள். ராத்திரி பெய்த மழையில் புல் ஊறிக் கிடந்தது. சாயங்காலம் வரவேற்பு, பந்தல்காரன் வருவதற்குள் லான் முழுக்க வழித்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாதி லான்கூட ஆகவில்லை, தொண்டை அடைத்து, மெஷின் இருமி, அப்படியே நின்றுவிட்டது. பையைக் கழற்றி ஓரமாகப் போட்டான். பை மாட்டும் வாயில் ஒரு தகரக் கதவு உண்டு. அதை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டால்தான் வலது கை உள்ளே போகும். அடித்தட்டைத் தூக்கி நிறுத்தும் லீவரின் ஸ்பிரிங் செத்து மாதக்கணக்காகிவிட்டதால் யாராவது மேலே உட்கார்ந்து அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். "நீங்க கைய விடுங்க மாப்ள, லீவர நான் புடிச்சுக்கறனுங்க" என்று மயில்சாமி தானாகவே சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மயில்சாமி வேறு யாருமில்லை, ஈஸ்வரமூர்த்தி கட்டிய வாணிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஏறி உட்கார்ந்தபோது அது உதவியாகத்தான் தெரிந்தது. முழங்கை உள்ளே போன பிறகுதான் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. சாவியில் கோத்திருக்கும் குட்டி மணி கிணுங்கும் சத்தம்.

சாவி. சாவியை எடுத்தேனா? எடுக்கவில்லை. மெஷின் தானாக நின்றது, தான் நிறுத்தவில்லை, நின்ற எரிச்சலில் அதன் பிறப்பை இழுத்துத் திட்டிக்கொண்டே குதித்து இறங்கிப் பின்னால் வந்தாயிற்று. அப்படியானால் சாவி அதன் துளையிலேயே இருக்கிறது, போட்டபடி இருக்கிறது, கத்திப் பொத்தானும் மேலேதான் இருக்கும், அமுக்கின ஞாபகமில்லை. இருந்தால் என்ன, வேறு மெஷினாக இருந்தால் ஒன்றும் ஆகாது. பை கழன்றிருந்தால் இஞ்சின் கிளம்பாது, கத்திப் பொத்தான் மேலே இருந்தால் கிளம்பாது, அதற்கெல்லாம் தனித்தனி ஸ்விட்ச் வைத்துத்தான் கம்பெனிக்காரன் அனுப்பினான். ஆனால் இது ஈஸ்வரமூர்த்தியின் மெஷின். பை கொஞ்சம் நிறைந்தால் கூவும், கொக்கி ஒரு நூல் விலகினால் நின்றுவிடும், சீட்டிலிருந்து எழுந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளரைப் பொறுக்கப் போனால் அதற்கும் நிற்கும். பொண்டாட்டி மாதிரி எல்லாத்துக்கும் மூக்கைச் சிந்துது என்று சொல்லி, பூ அலங்காரக்காரர்கள் விட்டுப்போன கட்டுக்கம்பியை எடுத்து எல்லா ஸ்விட்ச் ஒயரையும் சேர்த்து முறுக்கி ஒரே கட்டாகக் கட்டிவிட்டான். அன்றிலிருந்து மெஷின் வாயைத் திறக்கவில்லை. சாவியைத் திருப்பினால் போதும், இஞ்சினும் கத்தியும் ஒன்றாகக் கிளம்பும். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை அவன் மனசோடு வைத்துக்கொண்டானா என்றால் அதுவும் இல்லை. போன மாசம் மச்சான் வீட்டுக் கிடாவிருந்தில், இலை போடுவதற்கு முன்னால், நாற்காலியில் சாய்ந்துகொண்டு அத்தனை பேர் நடுவிலும் சொன்னான். "ஒரே கம்பிதான் மச்சான். சாவியத் திருப்புனா மூச்சு விடாம ஓடுது." மயில்சாமி அப்போது சிரித்த மாதிரி ஞாபகம். சிரித்தானா?

விரல்கள் புல்லைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தன. வெளியே குளிர்ந்து கிடக்கிற புல், உள்ளே அமுங்கிச் சூடாக இருந்தது. உயிருள்ள ஒன்றின் வாய்க்குள் கையை விட்ட மாதிரியான சூடு. ஒரு பிடி இழுத்தான், பின்னால் எறிந்தான், மறுபடி விட்டான். இது ஏன் அடைக்கிறது என்று அவனுக்குத் தெரியாததா. ஈரப்புல்லை வெட்டக் கூடாது, வெட்டினால் முழு வேகத்தில் வெட்ட வேண்டும், அவனோ டீசல் மிச்சம் பிடிக்க இஞ்சினைப் பாதி வேகத்தில் வைத்து ஓட்டினான். கத்தி மொண்ணை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பை. பையின் மேல்துணி வலைத்துணி. புல்லோடு வரும் காற்று அந்தக் கண்கள் வழியாக வெளியே போனால்தான் பின்னால் வருகிற புல்லுக்கு இடம் உண்டு. தூசி படிந்து கண் அடைத்துவிட்டால் காற்று போக வழியில்லை, புல் தொண்டையிலேயே நின்று மூச்சு முட்டும். அதனால் பையை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டு போவான். வாணிதான் துவைகல்லில் போட்டு அடித்து, பிரஷ் வைத்துத் தேய்த்து, கொடியில் கவிழ்த்துக் காயப்போடுவாள். பங்குனியில் ஒரு ஞாயிறு உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டுத் தேய்க்காமல் விட்டுவிட்டாள். மறுநாள் பெண் வீட்டார் லான் பார்க்க வந்து நிற்கும்போது மெஷின் இருமி நின்றது, முதலாளி அவர்கள் முன்னாலேயே "தெண்டச் சம்பளம்" என்றார். அன்று ராத்திரி வீட்டில் வாணிக்கு ஒரு அறை. ஒரே ஒரு அறை. அவன் கணக்கில் அது எப்போதும் ஒரே ஒரு அறைதான், அதற்கு முன்னாலும் பின்னாலும் விழுந்ததெல்லாம் கணக்கில் வராது. ஒரு அறைக்கு யாருக்காவது காது போகுமா? மறுநாள் தலையணையில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. சளி பிடித்திருக்கும் என்றான். அதற்குப் பிறகு இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை, கூப்பிட்டால் காது கேட்காதா என்று அதற்கும் இரண்டு வைத்திருக்கிறான். அவன் வலது கைக்காரன்.

"வருதுங்களா மாப்ள?" மேலேயிருந்து குரல் வந்தது.

"வருது மச்சான். கெட்டியாப் போய் அடைச்சுருக்குது."

"பொறுமையா எடுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

கிணிங். மறுபடியும் அந்த மணி. மச்சானின் கால் மட்டும்தான் ஈஸ்வரமூர்த்திக்குத் தெரிந்தது, மிதிபலகையில் பதிந்திருந்த தடித்த தோல்செருப்பும் வெடித்த குதிகாலும். முகம் தெரியாத ஆளின் செருப்பைப் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும். லீவரைப் பிடித்திருப்பது எந்தக் கை? வலது கையாக இருந்தால் இடது கை எங்கே இருக்கிறது? சும்மா இருக்கிற கை ஏன் சாவியைத் தொட வேண்டும்? மயில்சாமிக்கு ட்ராக்டர் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, மழை பெய்த மறுநாள் அவனுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். காலையில் இவன் மெஷினை வெளியே எடுக்கும்போது கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தான். என்ன மச்சான் இந்தப் பக்கம் என்றதற்கு, சும்மாதானுங்க மாப்ள, உங்களப் பாத்து நாளாச்சு என்றான். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மெஷின் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மயில்சாமி சும்மா எங்கும் போகிற ஆளில்லை, சாவு வீட்டுக்குப் போனால்கூட வழியில் உரக்கடை வேலையை முடித்துக்கொண்டு போகிறவன். அது அப்போதே உறைத்திருக்க வேண்டும். மச்சான் மாப்பிள்ளையைத் தேடி வருகிறான் என்று பெருமையாக இருந்ததால் உறைக்கவில்லை.

கிடாவிருந்து. அங்கேதான் ஏதோ நடந்தது. எல்லோரும் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருக்க, வாணி அண்டா பக்கத்தில் குனிந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். மயில்சாமி அவளுக்கு இடப்பக்கத்தில் போய் நின்று, வாணி என்றான். அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வாணி, வாணி என்றான், தொட்டுவிடுகிற தூரத்தில் நின்றுகொண்டு. அவள் திரும்பவில்லை. பிறகு அவன் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் அதே குரலில் கூப்பிட்டான், உடனே திரும்பி என்னண்ணா என்றாள். இதையெல்லாம் ஈஸ்வரமூர்த்தி வெற்றிலை மடித்துக்கொண்டே பார்த்தான். மயில்சாமி தங்கச்சியிடம் ஒன்றும் கேட்கவில்லை. தலையை நிமிர்த்தி, அத்தனை தலைகளுக்கு நடுவே இவனைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். அன்று காலையில் கிடாயை வெட்டியவனும் அவனே. கூலிக்கு ஆள் வைக்க மாட்டான், ஒரே வீச்சு, கழுத்து ஒரு பக்கம், கிடா ஒரு பக்கம், கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் எங்கோ ஓடிக்கொண்டிருந்தன. அரிவாளைப் பூவரச இலையில் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, "தண்ணி வேணுங்களா மாப்ள?" என்று கேட்டான். மதியம் ஈரலை அவனே கொண்டுவந்து இவன் இலையில் வைத்தான். இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க மாப்ள, உங்களுக்குன்னுதான் எடுத்து வெச்சது.

போன் அடித்தது. சட்டைப் பையில் இருந்த போன், குனிந்திருந்ததால் நழுவி, அடித்துக்கொண்டே புல்லில் விழுந்தது. கண்ணாடியில் பேர் தெரிந்தது, எதிர்வீட்டு ருக்மணியக்கா. அந்தம்மா எதற்குக் கூப்பிடுகிறது? இந்த வருசத்தில் ஒரு தரம் கூப்பிட்டிருக்குமா, அதுவும் குடிதண்ணீர் லாரி வந்தபோது. இடது கையை எடுத்தால் தகரக்கதவு வலது தோள்மேல் அறையும், வலது கையை எடுத்தால் இதுவரை தோண்டிய குழி மறுபடி சரிந்து மூடிக்கொள்ளும். "போன் அடிக்குது மச்சான்" என்றான், எதற்குச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. "அடிக்கட்டுமுங்க. அப்பறமாப் பேசிக்கலாம். மொதல்ல அத முடிங்க." குரலில் ஒரு மேடு பள்ளம் இல்லை. அந்த 'ங்க' ஒரு இடத்தில்கூட விட்டுப்போகவில்லை. கல்யாணமான நாள் முதல் மயில்சாமி இவனை ஒருமையில் பேசியதில்லை, வயதில் மூத்தவன், இருந்தும் மாப்பிள்ளை என்றால் எழுந்து நிற்பான். அந்த மரியாதையை ஈஸ்வரமூர்த்தி இத்தனை வருசமும் சம்பளம் மாதிரி வாங்கிக்கொண்டு வந்தான். இன்றைக்குத்தான் அது பயமாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம், கை ஓங்கினால் தடுக்கலாம், போங்க வாங்க என்கிற ஆளை எந்தப் பக்கத்திலிருந்து தடுப்பது. போன் நின்றது. உடனே மறுபடி அடித்தது, அதே பேர்.

மச்சான், சாவிய எடுத்துருங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கையை விடுவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அது வேலைக்காரப் பேச்சு, யார் வேண்டுமானாலும் சொல்வது. தோள் வரைக்கும் உள்ளே விட்ட பிறகு சொன்னால் அது வேறே. ஏனுங்க மாப்ள, பயமா இருக்குதுங்களா என்பான். இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் எதற்கு எடுக்க வேண்டும்? ஆமாம் என்றால் எதற்குப் பயம் என்று கேட்பான், அந்த ஏனுக்கு ஒரு பதில் இருக்கிறது, அது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது, தெரிந்தது தெரியாத மாதிரி இருக்கிறவரைக்கும்தான் கை பத்திரம் என்று தோன்றியது. கையை மெதுவாக உருவிக்கொண்டால்? உருவும்போதுதான் திருப்புவான். பாம்பைப் போல ஓசைப்படாமல் உருவ வேண்டும். பாம்பு என்றதும் போன மழைக்குச் சிக்கிய சாரை ஞாபகத்துக்கு வந்தது, கத்தியில் பட்டுத் தொண்டை வழியாகப் பைக்குள் துண்டு துண்டாக வந்து விழுந்தது, துண்டுகள் கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே நெளிந்தன. அதை அவன் வீட்டுக்கு எடுத்துப் போய் மகள் மிதுனாவிடம் பையைத் திறந்து காட்டிச் சிரித்தான், பிள்ளை கத்திக்கொண்டு ஓடித் துவைகல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இப்போதெல்லாம் வெறும் பையைக் கொண்டு போனாலும் ஓடி ஒளிகிறது. வண்டிச் சத்தம் கேட்டாலே ஒளிகிறது. வாணி ஒளிய மாட்டாள், அடுப்பைப் பார்த்தபடி நிற்பாள், முதுகு மட்டும் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். செருப்பைக் கழற்றுகிற சத்தம், சொம்பை வைக்கிற சத்தம், நாற்காலியை இழுக்கிற சத்தம், ஒவ்வொன்றுக்கும் விறைக்கும். ஒரு காதில் இத்தனையும் எப்படிக் கேட்கிறது. என்னடி விறைச்சுக்கற, நான் என்ன பண்ணிட்டேன் இப்போ என்று அதற்கும் கோபம் வரும், வந்தால் நிற்காது. கிணிங். ஈஸ்வரமூர்த்தியின் முதுகு விறைத்தது. தோள்பட்டை எலும்பு தகரத்தில் இடித்துக்கொண்டது. தன் முதுகு தன்னைக் கேட்காமல் விறைத்ததை அவன் கவனித்தான், கவனித்ததற்கு மேல் அந்த நினைப்பை ஓட விடவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கையில்லை.

எதற்காக இப்படிப் பயப்படுகிறாய், மச்சான் அப்படிப்பட்ட ஆளா என்று தன்னையே அதட்டினான். தங்கச்சி வாழ்க்கை என்று ஒன்று இருக்கிறதே. கையில்லாத மாப்பிள்ளையை வைத்து அவன் என்ன செய்வான். போலீஸ் வரும், கேஸ் வரும். கேஸில் என்ன சொல்வான்? ஸ்விட்ச் எல்லாம் அவரே கட்டி வெச்சுருந்தாருங்க, எனக்கு என்னங்க தெரியும், தெரியாமத் திரும்பிருச்சுங்க. கட்டினது யார், இவன். ஊரைக் கூட்டிச் சொன்னது யார், இவன். சொன்னதைக் கேட்டவர்கள் முப்பது பேர் இருக்கும், கூண்டில் ஏற்றினால் முப்பது பேரும் ஆமாம் என்பார்கள். இவ்வளவு சுலபமான வேலையைச் செய்யாமல் விடுகிற அளவுக்கு யாராவது நல்லவனாக இருப்பானா? தானாக இருந்தால்? இந்தச் சீட்டில் தான் உட்கார்ந்து, உள்ளே கையை விட்டிருப்பது தன்னிடம் சிக்கிய ஒருத்தனாக இருந்தால்? திருப்பியிருப்பான். அதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு தரம் இல்லை, நினைக்கிறபோதே இரண்டு தரம் திருப்பிவிட்டான். அதனால்தான் இந்தப் பயம்.

நுனிவிரலில் ஏதோ நார் மாதிரி தட்டியது. புல்லில்லை, முறுக்காக, வழவழவென்று. மாலை நார். நேற்றைய கல்யாணத்து மாலையை யாரோ புல்லில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், பூ அரைபட்டுப் போய், நார் மட்டும் கத்தித் தண்டில் சுற்றிக்கொண்டு, அதில் புல் சிக்கி, அதுதான் அடைப்புக்கே வேர். அப்பாடா என்றிருந்தது. இதை உருவினால் தீர்ந்தது, கையை எடுத்துக்கொள்ளலாம், எழுந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு முழு ஆளாக மச்சானைப் பார்க்கலாம். இரண்டு விரலில் நாரைச் சுற்றிப் பிடித்தான். மேலே மயில்சாமி சீட்டில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான், சீட்டு முனகியது, மணி அடித்தது. ஈஸ்வரமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு நாரை வெடுக்கென்று இழுத்தான். நாரோடு தண்டு சுழன்றது. தண்டோடு கத்தி சுழன்று வந்து விரல் முட்டியில் அடித்தது.

அவன் எதுவும் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடம் காலியாகிவிட்டது. கத்தி ஓடுகிறது, திருப்பிவிட்டான், கை போய்விட்டது என்று உடம்பு முடிவு செய்துவிட்டது, வாய் தானாகத் திறந்துகொண்டது. "வேண்டாமுங்க... மச்சான் வேண்டாமுங்க... தெரியாமப் பண்ணிட்டேன், இனிமேல் பண்ண மாட்டேன், விட்டுருங்க, உங்க காலப் புடிச்சுக்கறேன், விட்டுருங்க..." அந்த வார்த்தைகளை அவன் தேடவில்லை. வரிசை மாறாமல், இழுவை மாறாமல், 'உங்க காலப் புடிச்சுக்கறேன்' என்கிற இடத்தில் குரல் உடைகிற உடைசல்கூட மாறாமல் வந்தன. எத்தனையோ தரம் கேட்டு மனப்பாடமாகிப்போன வார்த்தைகள். சொன்னது மட்டும் இதுவே முதல் தரம். கையை எப்படி வெளியே இழுத்தான் என்று தெரியவில்லை. தகரக்கதவு முன்கையை உரசிச் சாத்திக்கொண்டது. புல்லில் மல்லாந்து விழுந்து கையைத் தூக்கிப் பார்த்தான். கை இருந்தது. ஐந்து விரலும் இருந்தன. நடுவிரல் முட்டியில் தோல் கிழிந்து ரத்தம் பச்சைப்புல் சாற்றோடு சேர்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மெஷின் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. மண்டபத்துக்குள் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மயில்சாமி லீவரை மெதுவாக விட்டுவிட்டு இறங்கி வந்தான். வேட்டியைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவன் இடது கையில், ஆள்காட்டி விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டு, சாவி தொங்கியது. கிணிங்.

"இதுக்குங்களா?" என்றான். "நீங்க கைய விடறதுக்கு முந்தியே உருவிட்டனுங்க. கத்தி கிட்ட எவன் கை போனாலும் மொதல்ல சாவிய உருவோணும். ட்ராக்டர்ல பழகுனது."

ஈஸ்வரமூர்த்தி முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். "அப்பறம் எதுக்கு ஆட்டிக்கிட்டே இருந்தீங்க?"

"சும்மாதானுங்க."

மயில்சாமி குந்தி உட்கார்ந்தான். இவ்வளவு பக்கத்தில் பார்க்கும்போது அவன் கண்கள் சிவந்து, தூங்காத ஆளின் கண்களாக இருந்தன.

"இப்பச் சொன்னீங்கல்ல மாப்ள, விட்டுருங்க, காலப் புடிச்சுக்கறேன்னு. வாணியும் இப்படித்தான் சொல்லுவாளுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி கிழிந்த விரலை இடது கையால் பொத்திக்கொண்டான்.

"கேட்டா அவ சொல்ல மாட்டேங்கறா. பாத்ரூம்ல வழுக்கி உழுந்தேங்கறா, அதையேதான் சொல்றா. அதான் உங்களக் கேக்கலாம்னு வந்தனுங்க." மயில்சாமி புல்லில் கிடந்த போனை எடுத்து, வேட்டி நுனியில் ஈரத்தைத் துடைத்து, இவன் மடியில் வைத்தான். "எதிர்வீட்டக்கா இதுக்குத்தான் கூப்புட்டுருக்கும். நம்ம டெம்போ வந்து அவளையும் புள்ளையையும் ஏத்திட்டுப் போயிருச்சுங்க. இந்நேரம் பெருந்துறை தாண்டியிருக்கும். உங்க சாமான் எதையும் தொடல. அவ பொட்டி, புள்ள பொஸ்தகம், அவ்வளவுதான். நீங்க மெஷின உட்டு எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவீங்களோன்னு பாத்தேன். அதுவாவே அடைச்சுக்கிச்சு."

"மச்சான், நான்..."

"நீங்க வரோணும்னா வாங்க மாப்ள. நம்மூட்டுக்கு வரக்கூடாதுன்னு உங்கள யாரும் சொல்ல மாட்டாங்க." எழுந்து நின்று சாவியை விரலிலிருந்து கழற்றினான். "நான் வாசல்லதான் இருப்பேன்." சாவியை ஈஸ்வரமூர்த்தியின் சட்டைப் பையில் போட்டு, விழுந்துவிடாமல் வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டினான். "கைக்குத் தண்ணி ஊத்திக்குங்க. துருப்பிடிச்ச கத்தி" என்று சொல்லிவிட்டு, கேட்டைப் பார்த்து நடந்தான், நடையில் ஒரு அவசரமும் இல்லை.

அவன் கேட்டைத் தாண்டின பிறகுதான் கோபம் வந்தது. வந்ததும் ஈஸ்வரமூர்த்திக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது, தெரிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. எவ்வளவு தைரியம். எம்பொண்டாட்டிய, என்னக் கேக்காம. வண்டியை எடுத்து விரட்டினால் விஜயமங்கலத்துக்குள் பிடித்துவிடலாம், டெம்போவை மறித்து, முடியைப் பிடித்துக் கீழே இறக்கி, ரோடு என்றும் பார்க்காமல். அவளை இறக்கினான், அறைந்தான், மறுபடி அறைந்தான், இந்தத் தடவை அந்தப் பக்கக் காது. எல்லாம் புல்லில் உட்கார்ந்தபடியே நடந்தது. அடுத்த அறைக்குக் கையை ஓங்கும்போது வாசலில் ஒருத்தன் நின்றான், அரிவாளைப் பூவரச இலையில் துடைத்துக்கொண்டு, தண்ணி வேணுங்களா மாப்ள என்றான், ஓங்கின கை அந்தரத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான், டெம்போ, முடி, ரோடு. மறுபடி வாசல். கிணற்றில் தண்ணி இறைக்கிற மாடு மாதிரி நினைப்பு போய்ப்போய் அந்த இடத்திலேயே திரும்பியது. வீட்டை நினைத்தான். செருப்பைக் கழற்றுவான், சத்தம் கேட்டு விறைக்க ஒரு முதுகு இருக்காது. நாற்காலியை இழுப்பான். அந்தச் சத்தம் யாருக்கும் போய்ச் சேராது, திரும்பி அவனிடமே வரும். எதற்கோ கண்ணில் நீர் வந்தது, அது அவளுக்காக என்று அவன் நினைத்துக்கொண்டான், இல்லை, அது அவனுக்காகத்தான்.

"மூர்த்தி, ஆச்சா? பந்தக்காரன் வந்துட்டான்" என்று முதலாளி மண்டபத்துப் படியில் நின்று சத்தம் போட்டார். ஆச்சுங்க என்றான். எழுந்தான். தொண்டையில் பாதிப் புல் அப்படியே இருந்தது, நாரும் முழுசாக வரவில்லை. வேலை முடிந்தால் யோசிக்கலாம், இதை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் எல்லாவற்றையும். லீவருக்கு ஆளில்லாததால் ஒரு செங்கல்லை எடுத்து வந்து அடித்தட்டுக்கு முட்டுக் கொடுத்தான். முட்டி போட்டான், கதவைத் தூக்கிப் பிடித்தான், கன்னத்தைத் தகரத்தில் வைத்தான். சீட்டைப் பார்த்தான். யாருமில்லை. சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான், சாவி அங்கேதான் இருந்தது, துணிக்கு மேலேயே மணி கையில் உருண்டது. வெளியே எடுத்து ஒரு தரம் பார்த்து மறுபடி உள்ளே போட்டுக்கொண்டான். கையைத் தொண்டையின் வாசலில் வைத்தான், விரல் நுழைந்தது, மணிக்கட்டு வரை நுழைந்தது. உள்ளே அந்தச் சூடு அப்படியே இருந்தது. இன்னும் ஒரு சாண். சாவி தன்னிடம் இருக்கிறது என்று கைக்குச் சொன்னான், சீட்டில் யாருமில்லை என்று சொன்னான், முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னான். கை உள்ளே போகவில்லை.